நிலைத்ததும் புதியதும்

நுழையும்முன்

புதியது வந்தவுடன் அதை ஏற்பதே முன்னேற்றம் என்பர் சிலர். பழகியதை விடாமல் பற்றியிருப்பதே பாதுகாப்பு என்பர் வேறு சிலர். நாள்தோறும் நாம் பயன்படுத்தும் கணினியின் இயங்குதளத்தைத் தேர்ந்தெடுக்கும்போதும் இவ்விரு கருத்துகளும் எதிரெதிரே நிற்கின்றன. எது நிலையானது, எது புதியது, யாருக்கு எது பொருந்தும் என்பதை ஆராய்ந்து அறிய இப்பாடம் துணைசெய்யும்.

மலையூரில் ஒரு மாலைப்பொழுது

நீலகிரி மாவட்டம் கூடலூர் வட்டத்தில், முதுமலைக் காட்டை ஒட்டி அமைந்துள்ள ஊர் ஸ்ரீமதுரை. தேயிலை, காப்பி, மிளகு, இஞ்சி, வாழை ஆகியவற்றோடு தாழ்ந்த நிலங்களில் நெல்லும் விளையும் பகுதி அது. தென்மேற்குப் பருவமழை வலுக்கும் நாள்களில் மரங்கள் சாய்ந்து மின்கம்பிகள் அறுவதும், இணையம் விட்டுவிட்டு வருவதும் இம்மலைப்பகுதி மக்களுக்குப் புதியன அல்ல.

இத்தகைய ஊரில் உள்ள ஒரு பள்ளியின் கணினி அறையை மனக்கண்ணில் காண்போம். அங்குப் பத்துக் கணினிகள் உள்ளன. மறுநாள் காலையில் பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்களுக்குச் செய்முறைத் தேர்வு. முந்தைய நாள் மாலையில் ஒரு கணினியின் திரையில், இயங்குதளத்தின் புதிய வெளியீடு வந்துள்ளது என்றும் இப்போதே நிறுவிக்கொள்ளலாம் என்றும் ஓர் அறிவிப்பு தோன்றுகிறது. பொத்தானை அழுத்தலாமா, வேண்டாமா?

அழுத்தினால் புதிய வசதிகள் கிடைக்கக்கூடும். பதிவிறக்கத்தின் நடுவே மின்சாரம் நின்றால் கணினி தொடங்காமலும் போகக்கூடும். பழுதுபார்ப்பவர் கூடலூரிலிருந்தோ உதகையிலிருந்தோ வந்து சேர்வதற்குள் தேர்வு முடிந்துவிடும். ஓராண்டு உழைப்பின் மதிப்பெண் அந்தப் பொத்தானில் இருக்கிறது. உலகின் பெரிய நிறுவனங்களும் மருத்துவமனைகளும் வங்கிகளும் நாள்தோறும் எதிர்கொள்ளும் வினாவும் இதுவே.

இரண்டு வகை வெளியீடுகள்

கணினியின் வன்பொருளுக்கும் நாம் பயன்படுத்தும் செயலிகளுக்கும் இடையே நின்று இரண்டையும் இணைத்து இயக்குவது இயங்குதளம் ஆகும். விண்டோஸ், லினக்ஸ், ஆண்ட்ராய்டு ஆகியன இதற்கு எடுத்துக்காட்டுகள். இயங்குதளத்தை உருவாக்குவோர் அதைத் தொடர்ந்து திருத்திக்கொண்டே இருக்கின்றனர். அவ்வாறு திருத்திய வடிவங்களைக் குறிப்பிட்ட கால இடைவெளியில் மக்களின் பயன்பாட்டிற்குத் தருவதே வெளியீடு எனப்படுகிறது.

வெளியீடுகள் இரு வகைப்படும். நீண்டநாள் சோதிக்கப்பட்டு, குறிப்பிட்ட ஆண்டுகள் வரை அடிப்படையில் மாறாமல் இருக்கும் என்ற உறுதியோடு தரப்படுவது நிலையான வெளியீடு. உருவாக்குவோரின் கையிலிருந்து வந்த அண்மை வடிவத்தை உடனுக்குடன் தருவது புத்தம்புது வெளியீடு. முன்னதில் எதிர்பாராத மாற்றம் குறைவு. புதிய வசதிக்குக் காத்திருக்க வேண்டும். பின்னதில் புதிய வசதி உடனே கிடைக்கும். இதுவரை எவரும் காணாத வழுவையும் முதலில் நாமே காண நேரலாம்.

மடிக்கணினியிலிருந்து டெபியனுக்கு

தமிழ்நாட்டில் மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கும் திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கியது. அம்மடிக்கணினிகளில் விண்டோசுடன் 'பாஸ்' என்னும் லினக்ஸ் இயங்குதளமும் நிறுவப்பட்டிருந்தது. மைய அரசு நிறுவனமான சி-டாக்கின் சென்னைப் பிரிவு, இந்திய மொழிகளைக் கருத்திற்கொண்டு உருவாக்கிய இயங்குதளம் அது. அதற்கு அடித்தளமாக அமைந்தது டெபியன்.

டெபியன், 1993ஆம் ஆண்டு இயன் மர்டாக் தொடங்கிய திட்டமாகும். உலகெங்கும் உள்ள தன்னார்வலர்கள் அதை வளர்த்து வருகின்றனர். நிலைத்ததற்கும் புதியதற்கும் உள்ள உறவை அறிய விரும்புவோர்க்கு டெபியனின் அமைப்பு சிறந்த பாடம். அதில் மூன்று கிளைகள் உண்டு. புதிய மென்பொருள் முதலில் நுழைவது 'நிலையற்றது' என்னும் கிளையில். அங்குச் சில நாள்கள் பெரிய வழு எதுவும் புதிதாகக் கண்டறியப்படாமல் இருந்தால், அது 'சோதனை' என்னும் கிளைக்குச் செல்லும். ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை சோதனைக் கிளையில் புதியன சேர்ப்பது நிறுத்தப்படுகிறது. பல மாதங்கள் வழுக்களைக் களையும் பணி மட்டுமே நடைபெறுகிறது. அதன் பின்னரே அக்கிளை 'நிலையானது' என்னும் பெயரோடு வெளியிடப்படுகிறது. டெபியன் 12 இவ்வாறு 2023 ஜூன் மாதத்திலும், டெபியன் 13 2025 ஆகஸ்ட் மாதத்திலும் வெளிவந்தன.

புதிய நெல் விதையைப் பற்றிக் கேள்விப்படும் உழவர் முழு வயலிலும் அதை விதைத்துவிடுவதில்லை. ஒரு மூலையில் விதைக்கிறார். மழையையும் நோயையும் அது தாங்குகிறதா என்று பார்க்கிறார். பிறகே மற்ற இடங்களுக்கும் கொண்டுசெல்கிறார். டெபியனின் மூன்று கிளைகளும் அவ்வாறே இயங்குகின்றன.

> தெரிந்து தெளிவோம்
> டெபியன் வெளியீடுகளின் பெயர்கள் 'டாய் ஸ்டோரி' என்னும் அசைவூட்டத் திரைப்படத்தின் பாத்திரங்களிலிருந்து எடுக்கப்படுகின்றன. வெளியீடுதோறும் பெயர் மாறும். 'நிலையற்றது' என்னும் கிளையின் பெயர் மட்டும் மாறுவதில்லை. அதன் பெயர் எப்போதும் 'சிட்'. அப்படத்தில் பொம்மைகளை உடைக்கும் சிறுவனின் பெயர் அது.

காத்திருத்தலின் விலை

நிலையானதையே எல்லாரும் தேர்ந்தெடுக்கலாமே என்று தோன்றலாம். காத்திருப்பதற்கும் ஒரு விலை உண்டு. டெபியன் 3.0 வெளிவந்தது 2002 ஜூலையில். அடுத்த வெளியீடான 3.1 வெளிவந்தது 2005 ஜூனில். ஏறத்தாழ மூன்று ஆண்டுகள்! இடைப்பட்ட காலத்தில் சந்தைக்கு வந்த புதிய கணினிகளின் பாகங்கள் பலவற்றைப் பழைய வெளியீடு அறிந்திருக்கவில்லை. இன்றும் இந்நிலையைக் காணலாம். புதிதாக வாங்கிய மடிக்கணினியில் பழைய வெளியீட்டை நிறுவினால் கம்பியில்லா இணையம் இயங்காமல் போவதுண்டு. கணினி பழுதானது என்று எண்ணிவிடக் கூடாது. அந்தப் பாகத்தை இயக்கும் நிரல், அவ்வெளியீடு உருவான பிறகே எழுதப்பட்டிருக்கும்.

இக்குறையைத் தீர்க்க முனைந்தது உபுண்டு. டெபியனை அடிப்படையாகக் கொண்ட அவ்வியங்குதளம் 2004 அக்டோபரில் வெளிவந்தது. ஆறு மாதங்களுக்கு ஒரு வெளியீடு என்பது அதன் திட்டம். அத்திட்டமே அடுத்த சிக்கலுக்கு வித்திட்டது. ஆறு மாதத்திற்கு ஒருமுறை நூற்றுக்கணக்கான கணினிகளில் இயங்குதளத்தை மாற்றுவது அலுவலகங்களுக்கும் பள்ளிகளுக்கும் இயலாத செயல். ஆகவே நீண்டகால ஆதரவுடன் கூடிய முதல் உபுண்டு வெளியீடு 2006இல் திட்டமிடப்பட்டது. ஏப்ரலில் வர வேண்டிய அவ்வெளியீட்டை, மேலும் சோதித்துச் செம்மை செய்வதற்காக ஆறு வாரங்கள் தள்ளிவைத்து ஜூன் மாதம் வெளியிட்டனர். விரைவையே தன் அடையாளமாகக் கொண்டு தொடங்கிய உபுண்டும், நிலைத்தன்மையை வேண்டியபோது காத்திருக்கவே நேர்ந்தது.

இன்று உபுண்டுவின் நீண்டகால வெளியீடு இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை, ஏப்ரலில் வருகிறது. ஐந்து ஆண்டுகள் பாதுகாப்புத் திருத்தங்களைப் பெறுகிறது. இடையில் வருபவை ஒன்பது மாதங்கள் மட்டுமே ஆதரவு பெறுகின்றன. 22.04 என்ற எண் 2022ஆம் ஆண்டின் நான்காம் மாதத்தைக் குறிக்கும். எண்ணைக் கண்டே வெளியீட்டின் வயதைக் கணக்கிடலாம்.

விரைவின் விலை

விரைந்து வெளியிட்டதால் நேர்ந்த இழப்பிற்கும் சான்று உண்டு. 2018 அக்டோபர் 2 அன்று மைக்ரோசாப்ட் நிறுவனம் விண்டோஸ் 10 இயங்குதளத்தின் பெரிய மேம்படுத்தலை வெளியிட்டது. அதை நிறுவியவர்களுள் சிலர், தம் கோப்புறைகளில் இருந்த ஆவணங்களும் படங்களும் அழிந்துபோனதைக் கண்டனர். பாதிக்கப்பட்டோர் மொத்தப் பயனர்களில் மிகச் சிறு பங்கினரே. ஆயினும் குடும்பப் படங்களை இழந்தவருக்கு அந்த இழப்பு சிறு பங்கு அன்று. சில நாள்களிலேயே வெளியீடு நிறுத்தப்பட்டு, திருத்திய பின் நவம்பரில் மீண்டும் தரப்பட்டது.

இந்நிகழ்வில் கருதத்தக்கது ஒன்று உண்டு. முன்னோட்ட வடிவத்தைப் பயன்படுத்திய தன்னார்வலர்கள் சிலர், கோப்புகள் அழிவதை முன்னரே தெரிவித்திருந்தனர். வந்து குவிந்த கருத்துகளிடையே அவை கவனிக்கப்படாமல் போயின என்பதை அந்நிறுவனமே பின்னர் ஒப்புக்கொண்டது. சோதனை நடைபெற்றால் மட்டும் போதாது. சோதிப்பவர் சொல்வதற்குச் செவிகொடுக்கவும் வேண்டும்.

அரை நொடியில் வெளிப்பட்ட சூழ்ச்சி

சோதிப்பவரின் கூர்ந்த நோக்கு உலகைக் காத்த நிகழ்வு ஒன்று 2024 மார்ச்சில் நடந்தது. ஆண்ட்ரெஸ் பிராய்ண்ட் என்பவர் 'போஸ்ட்கிரெஸ்' என்னும் தரவுத்தளத்தை உருவாக்குவோருள் ஒருவர். அவர் தம் பணிக்காக டெபியனின் நிலையற்ற கிளையைப் பயன்படுத்தி வந்தார். தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைய உதவும் மென்பொருள், வழக்கத்தைவிட அரை நொடி தாமதமாக இயங்குவதை அவர் கவனித்தார். பலர் பொருட்படுத்தாமல் விட்டுவிடும் தாமதம் அது. அவர் காரணத்தைத் தேடினார்.

கோப்புகளைச் சுருக்கப் பயன்படும் 'எக்ஸ்இசட்' என்னும் சிறு மென்பொருளின் 5.6.0, 5.6.1 ஆகிய இரு வடிவங்களுக்குள், பிறர் கணினிக்குள் கள்ளத்தனமாக நுழைவதற்கான வழி மறைத்து வைக்கப்பட்டிருந்தது. அதைச் செய்தவர் இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாக அம்மென்பொருளுக்கு உதவுபவர்போல் நடித்து, அதைப் பேணி வந்தவரின் நம்பிக்கையைப் பெற்றிருந்தார். மார்ச் 29 அன்று பிராய்ண்ட் இதனை உலகிற்கு அறிவித்தார்.

அப்போது அந்த நஞ்சு எங்கெங்குப் பரவியிருந்தது? டெபியனின் நிலையற்ற கிளை, சோதனைக் கிளை முதலான புத்தம்புது வெளியீடுகளில் மட்டுமே. டெபியனின் நிலையான வெளியீட்டில் பழைய வடிவமே இருந்ததால் அதற்குத் தீங்கு நேரவில்லை. இன்னும் சில மாதங்கள் கண்டறியப்படாமல் இருந்திருந்தால், அது நிலையான வெளியீடுகளுக்குள்ளும் புகுந்து எண்ணற்ற வழங்கிக் கணினிகளைச் சென்றடைந்திருக்கும்.

நிலையான வெளியீட்டைப் பயன்படுத்தியோர் அன்று காப்பாற்றப்பட்டனர் என்பது உண்மை. அவர்களைக் காத்தவர் நிலையற்ற வெளியீட்டைப் பயன்படுத்திய ஒருவர் என்பதும் உண்மை. காலம் தானாக எந்த மென்பொருளையும் நிலைப்படுத்துவதில்லை. அந்தக் காலத்தில் யாரோ ஒருவர் அதைப் பயன்படுத்துகிறார், இடர்ப்படுகிறார், கண்டதைச் சொல்கிறார். அதன் பயனே நிலைத்தன்மையாக மற்றவர்களுக்குக் கிடைக்கிறது.

நிலையானது வேறு, பழையது வேறு

நிலையானது என்ற சொல்லைப் பழையது என்று பொருள்கொள்வோர் உளர். அது பிழை. நிலையான வெளியீட்டில் வசதிகள் மாறுவதில்லையே தவிர, பாதுகாப்புத் திருத்தங்கள் தொடர்ந்து வந்துகொண்டே இருக்கும். புதிய வடிவத்தில் கண்டறியப்பட்ட ஓட்டையை அடைக்கும் சிறு திருத்தத்தை மட்டும் எடுத்து, பழைய வடிவத்தில் பொருத்தித் தருகின்றனர். ஓடு மாற்றி ஒழுக்கை அடைப்பதைப் போன்றது இது. வீட்டை இடித்துக் கட்டுவதில்லை. ஆதரவுக் காலம் முடிந்த வெளியீட்டிற்கு இப்பேணுதல் இல்லை. அதைத் தொடர்ந்து பயன்படுத்துவது, ஒழுகும் கூரையின் கீழ் ஆவணங்களை வைப்பதற்கு ஒப்பாகும்.

திருத்தம் வந்தும் அதை நிறுவாமல் இருப்பதும் இத்தகையதே. 2017 மே 12 அன்று 'வான்னாகிரை' என்னும் பணம்பறிக்கும் தீநிரல் பரவத் தொடங்கி, சுமார் 150 நாடுகளில் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகளை முடக்கியது. பிரிட்டனின் அரசு மருத்துவமனைகள் பலவற்றில் சிகிச்சைகள் தள்ளிவைக்கப்பட்டன. அந்தத் தீநிரல் நுழைந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாப்ட் இரண்டு மாதங்களுக்கு முன்பே வெளியிட்டிருந்தது.

நிலையான வெளியீடு குற்றமே அற்றது என்று கருதுவதும் தகாது. 2006இல் டெபியனில் மறைக்குறியீட்டு மென்பொருள் ஒன்றில் செய்யப்பட்ட தவறான மாற்றம், எவர் கண்ணிலும் படாமல் 2007இல் நிலையான வெளியீட்டிற்குள் நுழைந்தது. எளிதில் ஊகிக்க இயலாதவாறு உருவாக வேண்டிய இரகசியத் திறவுகோல்கள், அதனால் ஊகிக்கத்தக்கனவாக உருவாயின. 2008 மே மாதத்தில்தான் அது கண்டறியப்பட்டது. நிலைத்தன்மை என்பது இடர் குறைந்த நிலை. இடரே இல்லாத நிலை என்று அதற்குப் பொருளில்லை.

அண்டை மாநிலத்தின் வழி

கூடலூரைக் கடந்து மேற்கே சென்றால் கேரளத்தின் வயநாடு. அம்மாநிலத்தின் அரசுப் பள்ளிகளில் இருபது ஆண்டுகளாகக் கட்டற்ற மென்பொருள் வழியே கணினிக் கல்வி வளர்ந்து வருகிறது. 2001இல் தொடங்கிய 'ஐடி அட் ஸ்கூல்' திட்டம், பின்னர் 'கைட்' என்னும் அரசு நிறுவனமாக வளர்ந்தது. பாடத்திட்டத்திற்கு ஏற்ற மென்பொருள்களைச் சேர்த்து, பள்ளிகளுக்கென ஓர் இயங்குதளத்தை அந்நிறுவனம் வழங்குகிறது. இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட பள்ளிக் கணினிகளை எண்ணித் திட்டமிடப்பட்ட ஏற்பாடு அது.

அவர்கள் தேர்ந்தெடுத்த அடித்தளங்களைக் கவனித்தால் ஒரு கொள்கை புலப்படும். 18.04, 22.04 என்னும் அவ்வெளியீடுகள் உபுண்டுவின் நீண்டகால வெளியீடுகளை அடிப்படையாகக் கொண்டவை. 22.04ஐத் தழுவிய வெளியீடு பள்ளிகளுக்கு அறிவிக்கப்பட்டது 2024இல். மூல வெளியீடு வந்து இரண்டு ஆண்டுகள் கழிந்த பின்னரே அது வகுப்பறையை அடைந்தது. ஆசிரியர்க்குப் பயிற்சி தர வேண்டும். பாடநூலில் உள்ள படமும் திரையில் தோன்றுவதும் ஒத்திருக்க வேண்டும். தேர்வு நாளில் எல்லாக் கணினிகளும் ஒரே வகையில் இயங்க வேண்டும். ஆறு மாதத்திற்கு ஒருமுறை மாறும் இயங்குதளத்தைக் கொண்டு இவற்றைச் செய்ய இயலாது.

தேர்ந்தெடுக்கும் முறை

எந்த வெளியீட்டைத் தேர்வது என்னும் வினாவிற்கு எல்லார்க்கும் பொதுவான ஒரே விடை இல்லை. மூன்று வினாக்களுக்கு விடை கண்டால் தேர்வு தானே தெளிவாகும்.

முதலாவது, கணினி பழுதானால் இழப்பது எதனை? விளையாட்டிற்கும் கற்றலுக்கும் பயன்படும் கணினி ஒரு நாள் நின்றால் பெரிய தீங்கில்லை. மருத்துவமனைக் கணினியோ, தேர்வு அறைக் கணினியோ, மக்கள் சான்றிதழுக்காக வரிசையில் நிற்கும் சேவை மையத்தின் கணினியோ நிற்கலாகாது.

இரண்டாவது, பழுதானால் சரிசெய்பவர் யார்? தாமே சரிசெய்யும் அறிவும் நேரமும் உடையவர் புத்தம்புது வெளியீட்டை அஞ்சாமல் பயன்படுத்தலாம். பிறர் வருகைக்குக் காத்திருக்க வேண்டியவர்க்கு நிலையான வெளியீடே தக்கது.

மூன்றாவது, புதியதில் உள்ள எதனை நாம் உண்மையில் வேண்டுகிறோம்? புதிய வன்பொருள் இயங்க வேண்டும், எழுதும் மென்பொருளில் தமிழ் எழுத்துகள் உடையாமல் தோன்ற வேண்டும் என்பன போன்ற தெளிவான தேவை இருந்தால் புதியதை நாடலாம். புதியது என்பது மட்டுமே காரணமானால் பொறுத்திருக்கலாம்.

இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட வழியும் உண்டு. நிலையான வெளியீட்டை வைத்துக்கொண்டு, தேவையான ஓரிரு மென்பொருள்களை மட்டும் புதிய வடிவில் நிறுவிக்கொள்ள டெபியனும் உபுண்டுவும் வழிசெய்துள்ளன. எவ்வழியைத் தேர்ந்தாலும் கோப்புகளுக்குக் காப்புநகல் எடுத்து வேறிடத்தில் வைப்பது முதற்கடமை.

இப்போது மலையூர்ப் பள்ளியின் கணினி அறைக்குத் திரும்புவோம். தேர்வுக்கு முந்தைய மாலையில் அந்தப் பொத்தானை அழுத்த வேண்டியதில்லை. தேர்வுகள் முடிந்தபின், மின்சாரமும் இணையமும் சீராக உள்ள ஒரு நாளில், காப்புநகல் எடுத்துக்கொண்டு ஒரே ஒரு கணினியில் புதிய வெளியீட்டை நிறுவலாம். ஆர்வமுள்ள மாணவர்கள் அதில் சில வாரங்கள் பணிசெய்து, எது இயங்குகிறது, எது இயங்கவில்லை என்று குறித்து வைக்கலாம். கண்ட வழுவை அம்மென்பொருளை உருவாக்கியோருக்கு எழுதித் தெரிவிக்கலாம். மற்ற ஒன்பது கணினிகளும் அதுவரை நிலையான வெளியீட்டில், பாதுகாப்புத் திருத்தங்களோடு இயங்கட்டும்.

அந்த ஒற்றைக் கணினியின் முன் அமரும் மாணவர், உலகெங்கும் உள்ள சோதனையாளர் கூட்டத்தில் ஒருவராகிறார். அவர் எழுதும் ஒரு வரிக் குறிப்பு, தொலைவில் எங்கோ தேர்வெழுதும் முகமறியா மாணவர் ஒருவரின் கணினியை நிற்காமல் காக்கக்கூடும்.

கற்பவை கற்றபின்...

1. உங்கள் பள்ளியிலோ வீட்டிலோ உள்ள கணினியின் இயங்குதளம், அதன் வெளியீட்டு எண், ஆதரவுக் காலம் முடியும் நாள் ஆகியவற்றைக் கண்டறிந்து அட்டவணைப்படுத்துக.
2. 'நிலையானது வேறு, பழையது வேறு' என்னும் கருத்தை, கணினி அல்லாத வேறொரு துறையின் எடுத்துக்காட்டைக் கொண்டு விளக்கி ஒரு பத்தி எழுதுக.
3. மருத்துவமனை, மென்பொருள் பயிலும் மாணவர், பொதுச் சேவை மையம் ஆகிய மூன்றிற்கும் ஏற்ற வெளியீட்டைப் பரிந்துரைத்து, காரணங்களுடன் வகுப்பறையில் கலந்துரையாடுக.